அழைப்பவர் கட்டத்தில் ஒரு கோடு

விசா விண்ணப்பத்தில் "அழைப்பவர் பெயர், முகவரி" என்று ஒரு கட்டம் இருக்கிறது. ஐரோப்பாவுக்குப் போகும் எங்கள் ஊர்க்காரர் அதில் ஒரு தம்பியின் பெயரையோ மகளின் பெயரையோ எழுதுவார்கள். நான் அதற்குள் ஒரு கோடு கிழித்தேன். பேனாவை மூடிவைத்து, குசினிக்குப் போய் ஒரு தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து அந்தக் கோட்டை இன்னொரு தடவை பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

எனக்கு அறுபது வயது. திருகோணமலைக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், முப்பத்துநான்கு வருடம் எழுதுவினைஞராக இருந்துவிட்டு ஓய்வு பெற்றவள். கலியாணம் கட்டவில்லை. உட்துறைமுக வீதியிலிருந்து உள்ளே திரும்பும் ஒழுங்கையில் அம்மாவின் வீட்டில் இருக்கிறேன். அண்ணனும் தங்கச்சியும் சண்டைக் காலத்தில் வெளிநாடு போனார்கள். அண்ணன் லண்டனில், தங்கச்சி ஜெர்மனியில். நான் அம்மாவோடு நின்றுவிட்டேன். அம்மா போய் நாலு வருடம் ஆகிறது.

இப்படி நின்றுவிட்ட பெண்ணுக்கு எங்கள் பக்கம் ஒரு உத்தியோகம் உண்டு. அதற்கு நியமனக் கடிதம் தரமாட்டார்கள். சொந்தத்துக்குள் யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் அவள் போய் நிற்க வேண்டும். பிள்ளை பெற்றவளுக்கு மிளகும் மல்லியும் உள்ளியும் சேர்த்துச் சரக்குக்கறி வைக்க வேண்டும், இலை அவித்த தண்ணியில் வேது பிடிக்க வேண்டும், குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்ட வேண்டும். நான் ஏழு வீடுகளில் நின்றிருக்கிறேன். லீவு எடுத்து நின்றேன், சம்பளமில்லா லீவிலும் நின்றேன். "உனக்கென்ன, பிள்ளையா குட்டியா?" என்று கேட்டுத்தான் கூப்பிடுவார்கள். அந்தக் கேள்வி எனக்கு ஒவ்வொரு முறையும் சுட்டது. ஆனாலும் போனேன்.

தை மாதம் தங்கச்சி தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அக்கா, மகளுக்கு வைகாசியிலை பிள்ளை கிடைக்கப்போகுது. நீங்கள் வந்து மூண்டு மாசம் நிண்டால் காணும். ஸ்பொன்சர் கடிதம், டிக்கெட் எல்லாம் நான் பாக்கிறன். சரக்குத்தூள் மட்டும் திரிச்சுக்கொண்டு வாங்கோ."

"வாறன். ஆனால் நீ நினைக்கிற மாதிரி இல்லை," என்றேன்.

அவளுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. அதற்கு ஒரு வருடம் முன்பே நான் ஒரு கொப்பி வாங்கி அதில் என் பயணத்தை எழுதத் தொடங்கியிருந்தேன். இருபத்தைந்து நாள். போர்த்துக்கலில் இறங்குவது, அங்கே ஒரு கார் வாடகைக்கு எடுத்துக் கடலோரமாக வடக்கே ஓடுவது, பிறகு விமானத்தில் பாரிஸ், பாரிசிலிருந்து ரயிலில் ஒல்லாந்து. கடைசியில் ரயிலிலேயே ஜெர்மனிக்குப் போய்த் தங்கச்சியைப் பார்க்க இரண்டு நாள். அவ்வளவுதான். லண்டனுக்கு வேறு விசா வேண்டும், அண்ணனை அவர் பாட்டுக்கு விட்டுவிட்டேன்.

ஏன் அந்த நாடுகள் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் ஒன்றுதான். எங்கள் துறைமுகத்துக்குப் போர்த்துக்கீசன் வந்தான், கோயிலை இடித்தான், அந்தக் கல்லிலேயே கோட்டை கட்டினான். ஒல்லாந்தன் வந்தான், பிரெஞ்சுக்காரன் வந்தான். ஒருவனும் வங்கிக் கணக்குக் காட்டவில்லை, தங்குமிடம் பதிந்த தாள் காட்டவில்லை, யாரும் அழைத்ததாகவும் தெரியவில்லை. நான் எல்லாத் தாளும் எடுத்துக்கொண்டு, காசு கட்டி, மரியாதையாகப் போய் அவர்கள் ஊர் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு வரப்போகிறேன். இதில் யாருக்கு என்ன நட்டம்?

திட்டம் போட எனக்குத் துணை நின்றவள் கிண்ணியாச் சிநேகிதி. கச்சேரியில் எனக்கு அடுத்த மேசைக்காரி. பாலம் வருவதற்கு முன் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறி, தண்ணீர் கடந்து வேலைக்கு வந்தவள், அதனால் எந்தப் பயணமும் அவளுக்குப் பெரிய காரியமில்லை. இருபது வருடப் பழக்கத்தில் இன்னும் என்னை "மிஸ்" என்றுதான் கூப்பிடுவாள்.

முதலில் நான் லிஸ்பனில் எடுக்கும் காரை ஒல்லாந்தில் கொண்டுபோய்க் கொடுப்பதாகத்தான் எழுதியிருந்தேன். ஒரு நாட்டில் எடுத்து இன்னொரு நாட்டில் விடுவதற்கு அவர்கள் கேட்ட மேலதிகக் காசில் இங்கே ஒரு பழைய ஆட்டோ வாங்கலாம். ஆகவே கார் ஒரு நாட்டுக்குள் மட்டும், நாடு கடக்க ரயில் என்று மாற்றினோம். கியர் இல்லாத கார் வேண்டும் என்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டும், கடன் அட்டை ஓட்டுபவரின் சொந்தப் பெயரில் இருக்க வேண்டும், சர்வதேச அனுமதிப்பத்திரம் கொழும்பில் எடுக்க வேண்டும். ஒவ்வொன்றாகச் செய்தேன். மற்றவர்களின் படிவங்களில் முப்பத்துநான்கு வருடம் பிழை பிடித்தவளுக்கு இது பெரிய வேலையா?

ரயிலில்தான் பிழை விட்டேன். ஜெர்மனிக்குப் போகும் வழியில் ஒரு சந்தியில் ரயில் மாற வேண்டும். நான் இரண்டு ரயிலுக்கும் நடுவே நாலரை மணித்தியாலம் விட்டு எழுதியிருந்தேன். கல்லோயாச் சந்தியில் அடுத்த ரயிலுக்கு மணிக்கணக்காக நின்று வளர்ந்த எவரும் அப்படித்தான் எழுதுவார்கள். சிநேகிதி கொப்பியைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"மிஸ், நாலரை மணித்தியாலம் அந்த ஸ்டேசன்ல என்ன செய்யப்போறீங்க? அடுப்பு மூட்டிச் சோறாக்கவா?"

"ரயில் பிந்தினால்?"

"பிந்தினா அடுத்தது வரும். அங்க ஒண்டைத் தவறவிட்டா நாளைக்கா வரும்?"

அந்தச் சந்தியில் பன்னிரண்டு நிமிடம் போதும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருந்தார்கள். நான் ஒரு மணித்தியாலத்துக்குக் கீழே இறங்கமாட்டேன் என்று நின்றேன். கொள்கை என்று ஒன்று இருக்கிறது.

அடுத்தது வலப்பக்கம் ஓடிப் பழகுவது. சிநேகிதியின் தம்பிக்குக் கிண்ணியாவில் அரிசி மில் இருக்கிறது. அதன் பின்னால் நெல் காயப்போடும் பெரிய சீமெந்துக் களம். நெல் இல்லாத நாட்களில் சாக்குகளை அடுக்கி அவள் வீதி செய்து தந்தாள். நடுவில் ஐந்து மூட்டை வைத்து ஒரு சுற்றுவட்டம். நான் என் சின்னக் காரை அதற்குள் விட்டு, மணிக்கூட்டு முள்ளுக்கு எதிர்ப்புறமாகச் சுற்றிச் சுற்றி வந்தேன். காரில் என் பக்கத்துக் கதிரையில் அவள் இருந்துகொண்டு, "வலது! மிஸ், வலது!" என்று கத்துவாள். முதல் நாள் இரண்டு மூட்டையை இடித்து விழுத்தினேன். ஸ்டியரிங் மற்றப் பக்கம் இருக்கப்போகிறதே, அதற்கு இங்கே ஒரு வழியும் இல்லை. மில்லில் மூட்டை தூக்குபவர்கள் வேலையை விட்டு வரிசையாக நின்று பார்த்தார்கள். ஒருவர், "இந்த வயசுல இது தேவையா?" என்று எனக்குக் கேட்கும்படியே சொன்னார். நான் கண்ணாடியை இறக்கி, "வேற எந்த வயசிலை போக விட்டனீங்கள்?" என்று கேட்டேன். அந்த மனிதர் என்ன செய்வார், பாவம். ஆனால் எனக்கு யாரிடமாவது அதைக் கேட்க வேண்டியிருந்தது.

இவ்வளவும் நடக்கும்போது தங்கச்சி நான் மூன்று மாதம் வருவதாகவே நினைத்துக்கொண்டிருந்தாள். மாசி மாதம் நானே கூப்பிட்டு முழுத் திட்டத்தையும் வாசித்துக் காட்டினேன். கார் என்றபோதும் அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அவள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு ஹோட்டலில் இரண்டு இரவு என்று சொன்னதும் வெடித்தாள்.

"ஹோட்டலோ? என்ரை வீட்டிலை மூண்டு அறை கிடக்கு! சனம் என்ன கதைக்கும் எண்டு யோசிச்சனீங்களோ?"

"எந்தச் சனம்? ஜெர்மன்காரரோ?"

"எங்கடை சனம் அக்கா. கோயிலிலை கேப்பினம், அக்காவை ஹோட்டலிலை விட்டவள் எண்டு."

"கேட்டால் சொல்லு, அக்கா ஊர் சுத்திப் பாக்க வந்தவ எண்டு."

"அப்ப என்ரை பிள்ளைக்கு ஆர் சமைக்கிறது?"

"அவளுக்கு நீ தாய்."

அவள் வைத்துவிட்டாள். கூடப்பிறந்தவளின் வீடு இருக்கும் ஊரில் விடுதியில் தங்குவது எங்கள் ஆட்களிடம் முகத்தில் அறைவதற்குச் சமம். அது எனக்குத் தெரியும், தெரிந்துதான் செய்தேன். அந்த வீட்டு வாசலைத் தாண்டி ஒரு பையை வைத்தால் என் கை நேரே அடுப்புக்குப் போகும். இரண்டு நாள் இருபது நாளாகும். இந்த ஒரு பயணம் எனக்குப் பயணமாக இருக்க வேண்டும், எட்டாவது வீடாக இருக்கக்கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

கையைப் பற்றி நான் பயந்தது சரிதான். ஒரு நாள் சிநேகிதி என் பயணப் பையைப் பார்க்க வேண்டும் என்று திறந்தாள். உள்ளே உடுப்புகளுக்கு அடியில், இரண்டு பொலித்தீன் சுற்றி, மூன்று கிலோ சரக்குத்தூள்.

"கார் ஓடப்போற ஆளுக்கு இது என்னத்துக்கு மிஸ்?"

மல்லியை வறுத்தது ஞாபகம் இருக்கிறது, மில்லுக்குக் கொண்டுபோனதும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் கொண்டுபோகிறேன் என்று நான் முடிவெடுத்த ஞாபகம் இல்லை. யாரோ ஒருத்தி எனக்குத் தெரியாமல் என் பையை அடுக்கியிருந்தாள். எனக்குத் தங்கச்சியில் வராத கோபம் அன்று எனக்குள் இருந்த அந்த ஒருத்தியில் வந்தது. கட்டிலில் இருந்து கொஞ்ச நேரம் அழுதேன். சிநேகிதி பொலித்தீனை மறுபடி இறுக்கிக் கட்டினாள்.

அடுத்த நாள் அதைப் பார்சல் பண்ணி ஜெர்மனிக்கு அனுப்பினேன். கூடவே கொப்பியிலிருந்து இரண்டு தாள் கிழித்து, முதல் பத்து நாளைக்கு என்ன மீன், எவ்வளவு உள்ளி, எப்போது தேங்காய்ப்பால் விடலாம் என்று வரிசையாக எழுதி வைத்தேன். பிறக்கப்போகும் பிள்ளைமேல் எனக்கு என்ன கோபம்?

விசா விஷயத்தில் டிக்கெட் போடும் கடைக்காரர் ஒரு புத்தி சொன்னார். "தங்கச்சி அங்கை இருக்கிறா எண்டு எழுதாதீங்கோ மிஸ். போய் நிண்டிடுவீங்கள் எண்டு நினைப்பினம். இல்லாட்டி அவவிட்டையே ஒரு கடிதம் எடுங்கோ, சுகமாக் கிடைக்கும்." நான் இரண்டும் செய்யவில்லை. தங்கச்சி இருக்கிறாள் என்றும் எழுதினேன், ஹோட்டலில் தங்குகிறேன் என்றும் எழுதினேன், அழைப்பவர் கட்டத்தில் கோட்டையும் போட்டேன். அதனால்தானோ என்னவோ, நேரில் வரச்சொல்லிக் கொழும்புக்குக் கூப்பிட்டார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். ஆங்கிலத்தில் கேட்டாள். சகோதரி இருக்கும் அதே ஊரில் எதற்கு ஹோட்டல்?

"வீட்டில் தங்கினால் நான் சமையல்காரி. ஹோட்டலில் தங்கினால் நான் விருந்தாளி," என்றேன்.

நீங்கள் திரும்பி வருவீர்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

வீட்டு உறுதிப்பத்திரம், ஓய்வூதியத் தாள் எல்லாம் கொடுத்திருந்தேன். அவற்றைக் காட்டிவிட்டுச் சொன்னேன்: "திரும்பி வராவிட்டால் நான் அங்கே சாகும்வரை சமைக்க வேண்டும். உங்களுக்கு இதைவிட என்ன உத்தரவாதம் வேண்டும்?"

அவள் சிரிக்கவில்லை. ஏதோ தட்டச்சு செய்தாள். நான் வெளியே வந்து, முடிந்தது என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வாய்க்கொழுப்பில் காரியத்தைக் கெடுத்துவிட்டேன் என்று ஹபரணை வரை என்னை நானே திட்டினேன். அதற்குப் பிறகு திட்டவில்லை. பொய் சொல்லிக் கிடைத்திருந்தால் அது என் பயணம் இல்லை.

பதினாறாம் நாள் கடவுச்சீட்டு வந்தது. கேட்ட இருபத்தைந்து நாளைத் தந்திருந்தார்கள். ஒரு நாள் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சிநேகிதிக்குச் சொன்னேன், அவள் மில்லில் இருந்தவர்களுக்கெல்லாம் சொன்னாள். தங்கச்சிக்கு மட்டும் சொல்லவில்லை. எங்களுக்குள் பேச்சு நின்று ஒரு மாதத்துக்கு மேலாகியிருந்தது.

மூன்று நாள் கழித்து அவளே கூப்பிட்டாள்.

"பார்சல் வந்தது அக்கா. பழகுவம் எண்டு நீங்கள் எழுதினதைப் பாத்துச் சமைச்சனான். அடிப்பிடிச்சுப் போச்சு."

"நெருப்பைக் கூட வைச்சிருப்பாய்."

"ஓம். பிறகு திரும்பவும் வைச்சனான். ரெண்டாந்தரம் பரவாயில்லை." அவளே தொடர்ந்தாள். "நான் பத்தொன்பது வயசிலை வந்தனான் அக்கா. எனக்கு இதொண்டும் ஒருத்தரும் காட்டித் தரேல்லை. எனக்குப் பிள்ளை பிறக்கேக்கை ஆஸ்பத்திரியிலை தந்த பாண் துண்டைத்தான் சாப்பிட்டனான்."

இரண்டு வருடம் முந்தியென்றால் அந்த ஒரு வார்த்தைக்கே மூன்று மாதத்துக்கும் ஓம் சொல்லியிருப்பேன். இப்போதும் வாய்வரை வந்தது. நான் சொல்லவில்லை.

"விசா கிடைச்சிட்டுது. ரெண்டு நாள் வருவன், ஹோட்டலிலைதான் தங்குவன்," என்றேன். "சாப்பிட உன்ரை வீட்டுக்கு வாறன். நான் கதிரையிலை இருப்பன். நீதான் சமைச்சுப் போட வேணும்."

அவள் கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தவில்லை.

"சரி," என்றாள். "அப்ப உங்களுக்கு என்ன விருப்பம்? என்ன சமைக்கட்டும்?"

நான் வாயைத் திறந்தேன். அண்ணனுக்கு என்ன விருப்பம் என்று தெரியும், அம்மாவுக்கு என்ன விருப்பம் என்று தெரியும், அவளுக்குச் சின்ன வயதில் இறால் என்றால் உயிர் என்று தெரியும். ஏழு வீடுகளில் யார் யார் எதை ஒதுக்கிவைத்தார்கள் என்றுகூடச் சொல்வேன். எனக்கு என்ன விருப்பம் என்று இந்த அறுபது வருடத்தில் ஒருத்தரும் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டதில்லை.

"அக்கா? லைனிலை நிக்கிறீங்களோ?"

"நிக்கிறன். யோசிச்சுச் சொல்லுறன்," என்றேன். "அவசரப்படுத்தாதை."