அபூதாஹிரின் குடலில் ஒரு முள்

கிண்ணியாவில் முப்பது வருடமாக மீன் விற்கும் அபூதாஹிருக்கு மீனை முள் பார்த்துத் தின்னத் தெரியாது. வியாபாரத்தில் பேரம் பேச வாய் காதுவரை நீளும். சாப்பாட்டில் பொறுமை கிடையாது. இந்த மானக்கேடு ஊருக்குத் தெரியாமல் காப்பாற்றி வந்தவள் மனைவி றுக்கியா. விளைமீன் ஆணக் குழம்போ பொரியலோ, அவள் முள்ளெடுத்த பிறகுதான் அவருடைய சோற்றுப் பீங்கானுக்கு வரும்.

நாலு நாளாக அவருக்கு இடப்பக்க வயிற்றில் குத்தியது. வாயு என்று இஞ்சியும் உள்ளிப்பூண்டும் இடித்துக் குடித்தார். ஐந்தாம் நாள் நிமிர ஏலாமல் போனதும் றுக்கியா ஓட்டோ பிடித்துத் திருகோணமலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. சி.ரி. ஸ்கேன் எடுத்தார்கள்.

படத்தைப் பார்த்த டொக்டர் நிவேதிகா, தள்ளுகட்டிலில் கிடந்தவரிடம் கேட்டார்: "ஐயா, குடலை என்னவோ குத்தித் துளைச்சிருக்கு. மீன் முள் மாதிரிக் கிடக்கு. வழமையா முள் தானா வெளியில போயிடும், இப்பிடிக் குத்துறது அருமை. விழுங்கினீங்களா? நிச்சயமாத் தெரிஞ்சா இப்பவே சத்திரசிகிச்சைக்கு அனுப்பலாம். பிந்தினா உயிருக்குக் கூடாது."

"இல்லை," என்றார் அபூதாஹிர்.

"வழியே இல்லை டொக்டர். நான்தான் முள்ளெடுத்துக் குடுக்கிறனான்," என்றாள் றுக்கியா பெருமையாக.

அபூதாஹிர் கூரையைப் பார்த்தார். கூரை சுத்தமாக இருந்தது.

நிவேதிகா திரையைத் திருப்பிப் பேனையால் தொட்டுக் காட்டினார். சாம்பல் நிறத்துக்கு நடுவே தெளிவாக ஒரு வெள்ளைக் கோடு. "இஞ்ச பாருங்கோ அம்மா."

றுக்கியா குனிந்தாள். இன்னும் குனிந்தாள். மூக்கு திரையில் முட்டியது.

"எங்க டொக்டர்?"

"பேனை நுனியில."

"பேனை எங்க?"

அபூதாஹிருக்கு வயிற்றைவிட அந்தக் கேள்விதான் கூட வலித்தது. கண் மங்கியதை அவள் சொல்லவில்லை. ஏழு மாதமாக அவருக்குத் தெரியும். நாக்கில் முள் தட்டும்போதெல்லாம் ஒரு கவளம் சோற்றை உருட்டி விழுங்கி, அதை உள்ளே தள்ளிவிடுவார்.

"விழுங்கினனான் டொக்டர். போன வெள்ளிக்கிழமை. அதுக்கு முன்னாலயும் கனக்கத் தரம்."

நிவேதிகா இரண்டு துண்டு எழுதினார். ஒன்று சத்திரசிகிச்சைக்கு, மற்றது கண் பிரிவுக்கு. கட்டிலைத் தள்ளத் தொடங்கினார்கள். றுக்கியா அதன் கம்பியைப் பிடித்தபடி அழுதுகொண்டே நடந்தாள்.

"துப்பியிருக்கலாமே மனுசன்!"

"துப்பினா, பிறகு நீ எண்ட பீங்கான்ல கை வைக்கமாட்டாய் புள்ள," என்றார் அபூதாஹிர்.