மூன்றாவது கதவு எண்

என் தாய்மாமனின் நூற்றாண்டுக்காக அவருடைய மகன், அதாவது என் அம்மாஞ்சி, ஒரு குடும்ப மலர் தயாரித்து அச்சேறுவதற்கு முன் பார்ப்பதற்காக அதன் படியை எனக்கு அனுப்பியிருந்தான். 'கணவனை இழந்த தங்கைக்கு மயிலாப்பூரில் வீடு பிடித்துக் கொடுத்து, அவளையும் குழந்தைகளையும் அவர்கள் ஆளாகும் வரை தாங்கினார்' என்று அதில் ஒரு வாக்கியம் இருந்தது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தேன்.

அம்மா ஆரம்பப் பள்ளி ஆசிரியை. அந்த வீட்டைத் தன் சம்பளத்தில் அவளே நடத்தினாள் என்பதுதான் நான் அறிந்தது. கல்லூரியில் வரலாறு கற்பித்த காலமெல்லாம், ஒரு நாள்கூட நாங்கள் யார் தயவிலும் வாழ்ந்ததில்லை என்று மேடையிலும் சொல்லியிருக்கிறேன். உடனே தொலைபேசியில் அவனைக் கூப்பிட்டேன்.

"அப்பாவோட பெருமையைச் சொல்ல வேண்டாமா, அத்தங்கா?" என்றான்.

"தாராளமா சொல்லு. எங்கம்மாவைத் தாழ்த்திச் சொல்லாதே."

"வெள்ளிக்கிழமை பிரஸ்ஸுக்குப் போறது. ஆதாரம் இருந்தாக் கொண்டு வாங்கோ. நீங்கதானே ஹிஸ்டரி புரொபசர்."

அந்தக் கடைசி வாக்கியம் தைத்தது. கொண்டு வருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வெள்ளைக்காரன் காலத்தில் ஆண்டுதோறும் ஒரு புத்தகம் வெளிவந்தது. எந்தத் தெருவில் எந்தக் கதவு எண்ணில் யார் பெயரில் குடித்தனம் இருந்தது, அவர் என்ன தொழில் செய்தார் என்பதெல்லாம் அதில் இருக்கும். அயல்நாட்டு நூலகம் ஒன்று அவற்றை இன்டர்நெட்டில் ஏற்றியிருப்பதாக என் பழைய மாணவி ஒருத்தி எழுதியிருந்தாள். அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு மறுநாள் காலை கோபாலபுரத்து என் வீட்டிலிருந்து மயிலாப்பூர் லஸ்ஸுக்குப் போனேன். தட்டச்சுப் பயிலகமாக இருந்து பாதி பிரௌசிங் சென்டராக மாறிய ஓர் இடம் அங்கே இருந்தது. அதை நடத்திய பெண்மணிக்கு நாற்பது வயதிருக்கும்.

"லைன் கட்டாயிட்ச்சி மேடம், கொஞ்சம் குந்துங்க" என்றார். நான் வந்த காரியத்தைக் கேட்டதும் சிரித்தார். "உசுரோட கீற வாடகைக்காரனையே என்னால தேடிப் புடிக்க முடியல. நீங்க போய்ச் சேந்தவங்கள தேடுறீங்க."

இணைப்பு திரும்பியதும் அம்மாவின் பெயரைத் தட்டினேன். அப்படி ஒருவர் இல்லை என்று வந்தது. பிறகு தெருவின் பெயரையும், கல்லூரி விண்ணப்பங்களில் நான் எழுதிப் பழகிய கதவு எண்ணையும் கொடுத்தேன். யாரோ ஒரு மருந்துக் கடைக்காரரின் பெயர் வந்தது.

"அது பழைய நம்பரா, புது நம்பரா?" என்று பின்னாலிருந்து கேட்டார் அந்த அம்மாள்.

"பழையதுதான்" என்றேன், சற்றுக் கடுமையாக.

"அதுக்கும் முன்னாடி ஒண்ணு இருக்கும் மேடம். எங்க ஊட்டுக்கே மூணு கீது."

இந்த ஊரில் தபால்காரர்கூடக் கேட்கும் கேள்வி அது. எனக்குத் தோன்றவில்லை. வெட்கத்தை வெளிக்காட்டாமல் எழுந்து, வெயிலில் நடந்து, கோயில் குளத்துக்குப் பின்னாலிருந்த எங்கள் பழைய தெருவுக்குப் போனேன். வீட்டு வாசலில் மாநகராட்சியின் தகடு புது எண்ணைச் சொன்னது. அதன் கீழே நான் அறிந்த எண் கறுப்பு மையில் இருந்தது. கருங்கல் நிலைக்காலில் மட்டும் சுண்ணாம்பு தடித்து மேடிட்டிருந்தது. சாவியால் சுரண்டத் தொடங்கினேன்.

குடியிருந்த பெண் வெளியே வந்து, "என்ன பண்றேள் மாமி?" என்றாள். சொன்னேன். உள்ளே போய் ஈரத் துணி கொண்டுவந்து அவளும் துடைத்தாள். கல்லில் செதுக்கிய மூன்றாவது எண் தெரிந்தது.

மறுநாள், வியாழக்கிழமை, அந்த எண்ணைத் தட்டினேன். நாங்கள் குடிபோன ஆண்டுக்குரிய பக்கத்தில் மாமாவின் பெயர் இருந்தது. அடுத்த ஆண்டிலும் அவர் பெயரே. பிறகு மூன்றாம் ஆண்டைத் திறந்தேன். திருமதி என்று போட்டு அப்பாவின் பெயர்; பக்கத்தில், ஆசிரியை. அதற்குப் பின் வந்த எல்லா ஆண்டுகளிலும் அதுவே.

அப்பா அந்த வீட்டில் வாழ்ந்ததே இல்லை. ஆகவே அவர் பெயரைத் தேட எனக்குத் தோன்றவில்லை. ஆனால் குடிபோய் இரண்டு ஆண்டுகள் கழித்து, எனக்கு எட்டு வயதாக இருந்தபோது அம்மா முக்காலியில் ஏறி, இறந்துபோன கணவரின் பெயர்ப் பலகையை வாசலில் அடித்தது நினைவிருக்கிறது. செத்துப் போனவருக்கு எதற்குப் பலகை என்று கேட்டு அதட்டு வாங்கினேன். வீடு அவள் பொறுப்புக்கு வந்த காலம் அதுதான் என்பது அந்தத் திரையைப் பார்த்தபோதுதான் புரிந்தது.

"எத்த பிரிண்ட் போடணும்?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

"மூன்றாவதை மட்டும்" என்றேன். இயந்திரம் கீச்சிட்டுக்கொண்டு தாளை இழுத்தது. அது வெளியே வந்து விழுவதற்குள், "முதல் இரண்டையும் போடுங்கள்" என்றேன்.

அன்று மாலையே தியாகராய நகரில் அம்மாஞ்சியின் வீட்டில் மூன்று தாள்களையும் மேஜைமேல் வரிசையாக வைத்தேன். குனிந்து படித்தான்.

"அப்போ ரெண்டு வருஷம் எங்கப்பாதானே?"

"ஆமாம்."

"ஒரு நாள்கூட இல்லேன்னு எத்தனை கல்யாணத்துல சொல்லியிருக்கேள்?"

"தப்பாச் சொல்லியிருக்கேன். நீயும் தப்பா எழுதியிருக்கே. பேனாவைக் கொடு."

'ஆளாகும் வரை' என்பதை அடித்துவிட்டு 'முதல் இரண்டு ஆண்டுகள்' என்று எழுதினேன். அதன் பிறகு அந்த வீட்டை நடத்தியவள் யார், என்ன வேலை பார்த்தாள் என்பதைச் சேர்த்தேன். மலரில் அதுவரை வெறும் 'தங்கை' என்றுதான் இருந்தது. அந்த இடத்தில், எந்த ஆண்டின் பக்கத்திலும் ஏறாத அம்மாவின் சொந்தப் பெயரை எழுதினேன்.

"வரி நீண்டுண்டே போறதே, அத்தங்கா. பக்கம் கொள்ளாது."

"மாமாவோட போட்டோவைக் கொஞ்சம் சின்னதாக்கு" என்றேன்.