வெள்ளிக்கிழமைத் தூக்கம்

கர்த்தருக்குள் பிரியமானவர்களே, குணமாகிவிட்டேன் என்று சொல்வதற்காக இந்தச் சாட்சியை எழுதவில்லை. குணமாகவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிட்டால் எனக்கும் நிம்மதி, உங்களுக்கும் ஏமாற்றமில்லை.

ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் சுண்ணாம்புத் தொட்டி வேலை எனக்கு. ஊறிய தோல்களை இழுத்து வெளியே போட வேண்டும். ஐம்பத்தாறாம் வருஷம் மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போய்விட்டது. அசதி போகவில்லை. படுக்கும்போது இருந்த அசதி விடிந்து எழும்போதும் அப்படியே இருக்கும். சட்டைப் பொத்தான் போடக் கை தூக்குவதே பெரிய வேலை. பிள்ளைகள் பக்கத்தில் வந்தால் எரிந்து விழுந்தேன். பார்வைக்கு ஆள் நன்றாகத்தான் இருப்பேன், அதுதான் கொடுமை. தெருவில் சோம்பேறி என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

வேலூருக்குப் போய் ரத்தம் கொடுத்துப் பார்த்தேன். நோய் எதுவும் தெரியவில்லை என்றார் டாக்டர். டானிக் எழுதிக் கொடுத்து, நன்றாக ஓய்வு எடுக்கச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஓய்வுக்கு நான் எங்கே போவேன்?

எங்கள் முதலாளி முஸ்லிம். கம்பெனிக்கு வார லீவு வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை வேலை நாள். நம் சபையில் தோல் வேலைக்குப் போகிற எல்லாரும் ஞாயிறு விடியற்கால ஆராதனையை முடித்துக்கொண்டு, சங்கு ஊதுவதற்குள் ஓடுகிறவர்கள்தான். ஓய்வுநாளில் வேலை செய்கிறோமே என்ற உறுத்தலோ என்னவோ, வெள்ளிக்கிழமையை உபவாச ஜெபத்துக்கு வைத்துக்கொண்டோம். காலையிலிருந்து சாயங்காலம் வரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் முழங்காலில் நிற்போம். பெலன் தாரும் ஆண்டவரே என்று கெஞ்சுவேன். சனிக்கிழமை காலையில், இருந்த பெலனும் போயிருக்கும்.

ஜெபத்தை நடத்துகிற உபதேசியாரிடம் போய் அழுதேன்.

"இன்னும் ஊக்கமா ஜெபிக்கணும் தம்பி. உனக்கு விசுவாசம் கம்மியா இருக்குது" என்றார்.

நான் புதன்கிழமையும் பட்டினி கிடக்க ஆரம்பித்தேன்.

ஒரு சனிக்கிழமை, தொட்டி ஓரத்தில் கால் மடங்கி விழுந்தேன். பாதி உடம்பு சுண்ணாம்புத் தண்ணீரில். மேஸ்திரி காதர் பாய்தான் தூக்கிவிட்டார். கெட்ட மனிதர் இல்லை.

"இன்னாப்பா இது? லீவு விட்டா ஆளு தெம்பா வரணும். நீ லீவுக்கு அப்புறம்தான் ஜாஸ்தி பேஜாரா வர்றே. இன்னொரு வாட்டி விழுந்தா உன்ன வேலைக்கு வெச்சிக்க முடியாது. உள்ள விழுந்து செத்துட்டா உன் வீட்டுக்கு யாரு பதில் சொல்றது?"

வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது. அன்று பாலாற்று மணலில் தனியாக உட்கார்ந்து, பெலன் வேண்டாம், என்னை எடுத்துக்கொள்ளும் என்று ஜெபித்தேன். மனதாரத்தான் கேட்டேன். அதற்கும் பதில் வரவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமையும் ஜெபவீட்டுக்குப் போனேன், வேறு என்ன செய்வதென்று தெரியாமல். முழங்கால் போட்டது ஞாபகம் இருக்கிறது. அப்படியே சரிந்து பாயில் தூங்கிப்போனேன். இது பிசாசு கொடுக்கிற தூக்கம் என்று உபதேசியார் என் தோளை உலுக்கினாராம். என் மனைவி எஸ்தர் சபையில் வாய் திறக்காதவள். அன்று அவள் எழுந்து வந்து எங்களுக்கு நடுவில் நின்றாளாம்.

"எழுப்பாதீங்க ஐயா. ஆறு நாள் வேலை செஞ்சா ஒரு நாள் ஓய்வுன்னு சொன்னது ஆண்டவர்தானே? ஞாயித்துக்கிழமைய கம்பெனி எடுத்துக்கிச்சு. வெள்ளிக்கிழமைய நாம எடுத்துக்கிட்டோம். இவருக்கு எந்த நாளுங்க?"

உபதேசியார் விலகிப் போய்விட்டாராம். பொழுது சாயும் வரை தூங்கினேன். கண் விழித்தபோது அவள் கேழ்வரகுக் கூழும் மோரும் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நடந்ததைச் சொன்னாள். அழுதுகொண்டே குடித்தேன். இத்தனை நாள் நான் கேட்டதற்கெல்லாம் பதில் அவள் வாயில் வந்தது என்று நம்புகிறேன்.

அதிலிருந்து வெள்ளிக்கிழமை எனக்குத் தூங்குகிற நாள். உபவாசம் இல்லை. நேரத்துக்குக் கூழ், முருங்கைக்கீரை, இருட்டினதும் படுக்கை. பீடியை விட்டேன், அதற்குத்தான் நாக்கு ரொம்ப நாள் அடம்பிடித்தது. தெம்பான நாளில் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுச் செய்துவிட்டு மறுநாள் விழுந்து கிடப்பேனே, அதையும் நிறுத்தினேன். கொஞ்சம் தெம்பு மிச்சம் இருக்கும்போதே உட்கார்ந்துவிடுவேன். மூச்சு வாங்காத தூரத்துக்கு ஆற்றோரம் நடப்பேன். காதர் பாயிடம் கேட்டு, உட்கார்ந்தபடி தோல் ஓரம் வெட்டுகிற வேலைக்கு மாறினேன். கூலி கம்மிதான். இதுவரை மறுபடி விழவில்லை. வேலையும் போகவில்லை. அதற்காகத் தேவனுக்கு ஸ்தோத்திரம்.

அசதி மட்டும் என்னை விடவில்லை. சில வாரம் தலையைத் தூக்கவே முடிவதில்லை. அப்போதெல்லாம் என்னை எடுத்துக்கொள்ளும் என்பது நாக்கின் நுனிவரை வரும். முழுசாகத் தேறுவேன் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. சாட்சியில் பொய் சொல்லக் கூடாது. உபதேசியாரும் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். இதைப் படித்தால் கோபப்படுவார். படட்டும். வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் படுத்திருந்தால் என் சின்ன மகள் வந்து என் கை மேல் தலை வைத்துத் தூங்குகிறாள். முன்பெல்லாம் என் பக்கத்தில் வரவே பயப்பட்டவள்.

உங்களில் யாராவது இப்படி நொந்து போயிருந்தால், விசுவாசம் குறைவு என்று யார் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வாருங்கள். ஜெபக்கூட்டம் நடக்காது. எஸ்தர் கூழ் கொடுப்பாள். குடித்துவிட்டுப் படுங்கள். நீங்கள் தூங்கும்போது ஆண்டவர் விழித்திருப்பார்.