மூன்றாவது ஈடு

பேக்கரிக்குள் நுழையுமுன் அவன் செருப்பைக் கழற்றும் விதமே தனி. குனிந்து, இரண்டையும் சுவரோடு ஒட்டி, முனைகள் தெருவைப் பார்க்கத் திருப்பி வைப்பான். ஓரடி பின்னால் போய்ப் பார்ப்பான். இடது செருப்பு ஒரு நூல் முன்னே நின்றாலும் பெருவிரலால் தள்ளிச் சரிசெய்வான். மற்ற ஆறு பேரின் செருப்புகள் அடிதடி முடிந்த தெருவைப்போலக் கிடக்கும்.

தினமும் மாவு மூட்டைக்குப் பின்னாலிருந்து இதைப் பார்த்து ஒருவன் வயிறெரிந்தான். அவனை எல்லோரும் அரை இஞ்ச் என்பார்கள்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன் இருவரும் ஒரே பஸ்ஸில் பட்டாளத்துக்கு ஆளெடுக்கும் இடத்துக்குப் போனார்கள். ஓட்டத்தில் முந்தியவன் அரை இஞ்ச்தான். கயிறும் ஏறினான். டேப் பிடித்தவன் மட்டும், "மூச்சை இழு" என்றான். "இன்னும் இழு" என்றான். பிறகு, மார்பு அரை இஞ்ச் குறைவு என்று தாளில் எழுதிவிட்டான். திரும்பும் பஸ்ஸில், தேர்வான நண்பன் எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினான்: "டேய் அரை இஞ்ச், எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுடா!" பெயர் ஒட்டிக்கொண்டது.

அந்த நண்பன் எப்படிப்பட்டவன் என்று அரை இஞ்சுக்குத் தெரியும். வாயைத் திறந்தால் பொய். தெருவில் சண்டை என்றால் முதலில் ஓடும் கால் அவனுடையது. ஆனால் பத்து வருஷம் கழித்துத் திரும்பி வந்தவன் வேறு ஆள். பட்டாளம் என்றே கூப்பிட்டார்கள். குரல் தணிந்திருந்தது. தப்பு நடந்தால் செய்தவனைத் தேடமாட்டான், துடைப்பத்தைத் தேடுவான். எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் தன் டப்பாவைத் திறப்பான்.

இதுதான் அரை இஞ்சைத் தின்றது. பழைய புளுகனாகவே திரும்பியிருந்தால் கட்டிப் பிடித்திருப்பான். 'இந்த நிமிர்ந்த முதுகு எனக்கு வரவேண்டியது. அந்த டேப் கொஞ்சம் தளர்ந்திருந்தால் போதும்.' வீட்டில் கண்ணாடி முன் நின்று தோள்களைப் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தான்.

"என்ன, பிடிப்பா? தைலம் தேய்க்கட்டா?" என்றாள் மனைவி.

அடுப்பு மேஸ்திரி அந்த மாதத்தோடு நின்றுகொள்வதாகச் சொல்லியிருந்தார். அந்த இடத்துக்காகப் பதினோரு வருஷம் மாவு பிசைந்து, தட்டு சுமந்து காத்திருந்தவன் அரை இஞ்ச். பட்டாளம் வந்து எட்டு மாதம்தான். ஆனால் முதலாளியின் கண் அங்கே போயிருந்தது.

"கடிகாரத்தைப் பார்த்து வேலை செய்யுற ஒரே ஆளு அவன்தான்யா. நீங்கல்லாம் மூக்கை நம்பிப் பொழைக்கிறீங்க."

"அடுப்புக்கு மூக்குதான் சார் கடிகாரம்" என்றான் அரை இஞ்ச்.

"உனக்கு ஜலதோஷம் பிடிச்சா கடையைச் சாத்திரவா?"

எல்லோரும் சிரித்தார்கள். பரீட்சையாக வெள்ளிக்கிழமை முழுக்க அடுப்பு பட்டாளத்தின் பொறுப்பு என்று முடிவானது. "ஒரு ஈட்டுக்கு இருபத்தெட்டு நிமிஷம். நடுவுல திறந்தா பிரெட் அமுங்கிடும்."

"சரிங்க சார்."

அந்தக் கிழட்டு அடுப்புக்கு ஒரு குணம் உண்டு. முதல் இரண்டு ஈடு சொன்னபடி வேகும். மூன்றாவதில் செங்கல் சூடேறித் தறிகெட்டுப் போகும். இருபது நிமிஷத்திலேயே மணம் மாறும். இனிப்புக்குள்ளிருந்து கசப்பு தலை நீட்டும். அப்போதே திறந்துவிட வேண்டும். யாரும் சொல்லித் தருவதில்லை. அங்கேயே கிடப்பவர்களுக்கு அது தானாக வரும்.

மூன்றாவது ஈடு உள்ளே போனபின் மற்றவர்கள் டீ குடிக்க வெளியே போனார்கள். அரை இஞ்ச் பக்கத்து அறையில் மாவு சலித்துக்கொண்டிருந்தான். மணம் மாறி வந்தது. சல்லடை நின்றது. கதவிடுக்கில் பார்த்தான். அடுப்புக்கு நாலடி தள்ளி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி பட்டாளம் நின்றான்.

'இவனுக்கு வாடை அடிக்காமலா இருக்கும்? ஆர்டராம். கருகினாலும் மீறமாட்டானாம். நில்லுடா ராசா, நில்லு.'

"டேய், திற" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும். வாய்வரை வந்ததை மாவுத் தூசியோடு விழுங்கினான். சல்லடையை முன்னைவிட வேகமாக ஆட்டினான்.

இருபத்தெட்டாவது நிமிஷம் கதவு திறந்தது. நூற்றிருபது பிரெட்டும் கரி.

முதலாளி கடையிலிருந்து ஓடிவந்தார். "பக்கத்துலயே நின்னுக்கிட்டு என்னய்யா பண்ணே?"

"என் தப்பு சார்."

"வேற யாரும் இல்லையா இங்க?"

பட்டாளம் மாவு சலிக்கும் அறைப் பக்கம் திரும்பவே இல்லை. "பொறுப்பு என்னுது சார்."

திட்டு வாங்கும்போதுகூட அவன் முதுகு வளையவில்லை. அதுவும் அரை இஞ்சுக்குப் பொறுக்கவில்லை.

மறுவாரம் அரை இஞ்ச் அடுப்பு மேஸ்திரி ஆனான். முதலில் வந்து கை குலுக்கியவன் பட்டாளம்தான். "இது உனக்குத்தான்டா. எனக்குச் சரிப்படாது." பிச்சை போடுகிறான் என்று நினைத்து அரை இஞ்ச் கையை உருவிக்கொண்டான். மாதக் கடைசியில் பட்டாளம் எங்கோ காவல் வேலைக்குப் போய்விட்டான்.

நாலு மாதம் கழித்து பிரெட் வாங்கப் பட்டாளத்தின் மனைவி வந்தாள். அரை இஞ்ச்தான் எடுத்துக் கொடுத்தான்.

"எப்படிம்மா இருக்கான்?"

"இருக்காருண்ணா. நான் ஊருக்குக் கிளம்பினாத்தான் பயம். சிலிண்டரைக் கழட்டி வெச்சுட்டுத்தான் போவேன். கேஸ் கசிஞ்சா அவருக்குத் தெரியாதே."

"ஏன் தெரியாது?"

"உங்ககிட்டகூட சொல்லலையா? வேலை தரமாட்டாங்கன்னு யார்கிட்டயும் சொல்லல போல. பயிற்சியில லாரி கவிழ்ந்து தலையில அடிபட்டுச்சு. ஆறு வருஷமா அவருக்கு எந்த வாசனையும் தெரியாதுண்ணா."