அண்ணாந்து நின்ற ராணி

போன வாரம், ஸ்ரீ சிட்டியில் நான் காவல் பார்க்கும் தொழிற்சாலை வாசலில், ஷிப்டுக்கு வந்த ஒரு பெண்ணுக்கு மூக்கில் ரத்தம் வந்துவிட்டது. சூப்பர்வைசர் ஓடிவந்து அவள் தாடையைப் பிடித்துத் தூக்கினார். "அண்ணாந்து பாரும்மா. கீழ சிந்தாத." அவர் கவலை டைல்ஸைப் பற்றியது. புதிதாகப் போட்டது. நான் கூச்சக்காரன்; பேர் கேட்டால் இரண்டாவது தடவைதான் சொல்வேன். அன்றைக்கு, "அந்தப் பொண்ண குனிய வுடு சார்!" என்று கத்தினேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். யார் கத்தியது என்று நானும் பார்த்தேன்.

அண்ணாந்து நிற்பது என்றால் எனக்கு ஒரு குதிரைதான் ஞாபகம் வரும்.

இருபத்தைந்து வயதில், திருப்பதிக்கு வெளியே சந்திரகிரி ரோட்டில் ஒரு குதிரைப் பயிற்சிப் பள்ளியில் வேலை பார்த்தேன். பள்ளி என்பது போர்டில்தான். தகரக் கொட்டகை, தூசி பறக்கும் வைக்கோல், நாலு குதிரை. முதலாளி முழங்கால் வரை பூட்ஸ் போட்டிருப்பார். அந்தப் பூட்ஸ் ஒருநாளும் குதிரைமேல் ஏறியதில்லை. பந்தயத்துக்கு ஆகாது என்று சென்னையில் கழித்துவிட்டதை வாங்கிவந்து, தேய்த்து மினுக்கிப் பணக்காரர்கள் தலையில் கட்டுவது அவர் தொழில். பெண் குதிரை எது வந்தாலும் பேர் ராணி. யோசிப்பது அவர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது.

கடைசியாக வந்த ராணி செம்பழுப்பு நிறம். தினமும் காலையில் மைதானத்தைச் சுற்றி ஓட்டுவோம். மெதுவாகப் போனால் ஒன்றுமில்லை. பாய்ச்சலில் மூன்று சுற்று போய் நின்றால், தலையைத் தாழ்த்தும். இரண்டு நாசியிலும் ரத்தம் இறங்கும். ஊசி போட வந்த டாக்டர் பார்த்துவிட்டு, "இது மூக்குல வர்ற ரத்தம் இல்லய்யா, நுரையீரல்லேர்ந்து வருது. ஓட்டறத நிறுத்துங்க" என்றார். முதலாளி பவ்யமாகத் தலையாட்டினார். டாக்டர் வண்டி கேட்டைத் தாண்டியதும், "எல்லாம் சூடு. வெந்தயம் ஊறவச்சிக் குடு" என்றார். உலகத்தில் உள்ள எல்லா நோய்க்கும் அவரிடம் அந்த ஒரு பேர்தான். இன்றும் வீட்டில் வெந்தயம் ஊறினால் நான் வாசல் பக்கம் போய்விடுவேன்.

வெந்தயத்துக்கு ரத்தம் அடங்கவில்லை. முதலாளி ஒரு வித்தை கண்டுபிடித்தார். வேப்பமரத்தில் உயரமாக ஒரு இரும்பு வளையம். ஓடி முடித்ததும் கயிற்றை அதில் கோத்து, தலை தாழாமல் இழுத்துப் பிடிக்க வேண்டும். ரத்தம் வெளியே வராது. ராணி அதை விழுங்கிக்கொண்டே நிற்கும். தொண்டை ஏறி ஏறி இறங்கும். கயிறு பிடித்தவன் நான்.

சித்தூரிலிருந்து ஒரு மாங்கூழ் ஃபேக்டரிக்காரர் மகளோடு வந்தார். அவள் சவாரி பழகக் குதிரை வேண்டுமாம். முதலாளி என் காதருகே வந்தார். "அவுங்க போற வரிக்கும் புடிச்சிக்கினு நில்லு. தலய எறக்க வுட்ட, அந்த வளயத்துல உன்னக் கட்டிடுவேன்."

ரத்தத்தைப் பார்த்தால் வாங்கமாட்டார்கள், விலைபோகாத குதிரையை இவரும் ஓட்டமாட்டார், ராணி பிழைத்துக்கொள்ளும் என்று நினைத்தேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் எனக்கு வாய் கிடையாதே.

மூன்று சுற்று முடிந்தது. "கழுத்து நிக்கிற நிமிர்வ பாத்தீங்களா சார்?" என்றார் முதலாளி. அந்தப் பெண் ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கமுடியாமல் தூக்கிவந்து, "அன்னா, நீள்ளு பெட்டச்சா?" என்று, தண்ணீர் வைக்கலாமா என்று தெலுங்கில் என்னிடம் கேட்டாள்.

"இப்ப தண்ணி காட்டக்கூடாதும்மா, வயிறு புடிச்சிக்கும்" என்று முதலாளி பாய்ந்தார்.

நான் கயிற்றை விட்டேன். ராணி வாளியில் முகத்தை வைத்தது. தண்ணீர் சிவந்தது.

முதலாளி அசரவில்லை. "காலையில பீட்ரூட் துன்னுச்சி சார்."

சித்தூர்க்காரர் வாளியைப் பார்த்தார்; வளையத்தைப் பார்த்தார்; என்னைப் பார்த்தார். கத்தப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் சிரித்தார். "தலய தூக்கிப் புடிச்சா தெரியாதில்ல?"

"தெரியவே தெரியாது சார்."

"அப்ப சரி. பாப்பாக்கு வேற பாத்துக்கலாம். இது நம்ம கெஸ்ட்டுங்க முன்னாடி ஓட்டிக் காட்ட ஆவும். இவனயும் சேத்து அனுப்பு. நல்லாத்தான் புடிக்கிறான்."

"வத்து நான்னா" என்று அப்பாவிடம் வேண்டாமென்றாள் மகள். அவளுக்கு வாய் இருந்தது. அப்பாவுக்குக் காது இல்லை.

மறுநாள் விடிந்ததும் புத்தூர் பஸ் ஏறி ஊருக்கு ஓடிவிட்டேன். வீரம் என்று நினைத்துவிடாதீர்கள். வரமாட்டேன் என்று சொல்லக் கூச்சப்பட்டு ஓடியது அது. ராணியோடு வேறொருவன் போனான். மாம்பழக் காலம் முடியும் முன்பே, விருந்தாளிகள் கைதட்டும்போது பாய்ச்சலில் வந்து விழுந்தது, எழவில்லை என்று கேள்விப்பட்டேன். விழுந்த பிறகு தலையை யாரும் தூக்கிப் பிடித்திருக்கமாட்டார்கள்.

போன ஆவணியில் ஒரு கல்யாணத்துக்காக அங்கே போனேன். மைதானம் இப்போது ஏசி கல்யாண மண்டபம். வாசல் பேனரில் முதலாளி தாடையைத் தூக்கிச் சிரிக்கிறார். கொட்டகை இல்லை. வேப்பமரம் இல்லை, வளையத்தை எந்தப் பழைய இரும்புக் கடையில் போட்டார்களோ. மரம் நின்ற இடத்தில் கை கழுவும் தொட்டி. கீழே வழவழவென்று வெள்ளை டைல்ஸ். குனிந்து பார்த்தேன். ஒரு கறை இல்லை.