சாவி தீர்ந்த பிற்பகல்

புதுப்பட்டினத்தை அடுத்த எங்கள் துணை மின்நிலையத்தில் உட்கார்ந்தபடியே, கடப்பாக்கம் பக்கம் ஆளில்லாமல் இயங்கும் இன்னொரு சிறிய நிலையத்தையும் கவனித்துக்கொள்வோம். திரையில் ஒரு பொத்தானை அழுத்தினால், சாலையோரக் கம்பங்களில் தொங்கும் ஒளியிழைக் கேபிள் வழியாகக் கட்டளை போகும். அங்கே மின்சாரம் நிற்கும், அல்லது வரும்.

வெளியாள் எவனும் எங்கள் பெயரில் பொய்க் கட்டளை அனுப்பிவிடக் கூடாது என்பதற்காக அந்தக் கட்டளைக்குப் பூட்டு உண்டு. குவாண்டம் கணினிகள் வளர்ந்துவிட்டால் இப்போதுள்ள பூட்டுகள் தாங்காது என்று தலைமையகம் கருதியது. முன்னேற்பாடாக இரண்டு நிலையங்களிலும் புதிய பெட்டிகளை வைத்தார்கள். அவை ஒளித்துகள்களைத் தனித்தனியாக அனுப்பி, இரு முனையிலும் ஒரே ரகசியச் சாவியை உண்டாக்கும். நடுவில் யாராவது கை வைத்தால் துகள்கள் கலைந்து காட்டிக்கொடுத்துவிடும். ஒரு சாவி ஒரு கட்டளைக்கு மட்டும். செலவாகாதவை பெட்டியில் சேர்ந்துகொண்டிருக்கும்.

பெட்டி வந்த நாளிலிருந்து பிற்பகல்தோறும் திரை சிவந்தது. யாரோ ஒட்டுக்கேட்கிறார்களாம். கம்பம் கம்பமாகத் தேடினோம், ஒன்றுமில்லை. கடைசியில் தலைமையகத்திலிருந்து வந்த இளம் பெண் பொறியாளர்தான் கண்டுபிடித்தார். கடற்காற்றில் கேபிள் ஆடும்போது உள்ளே போகும் ஒளி முறுக்கிக்கொள்கிறது. பெட்டி அதை ஆள் கைவைத்ததாக எடுத்துக்கொண்டு, சாவி செய்வதை நிறுத்திவிடுகிறது. சேர்ந்திருக்கும் சாவிகளை வைத்துக் காற்று நேரத்தை ஓட்டிவிடலாம் என்றார். அதைச் சோதிக்க, பலமாகக் காற்றடிக்கும் என்று சொல்லப்பட்ட ஒரு நாளையே தேர்ந்தெடுத்தார். பழைய பூட்டில் இயங்கும் வழியை அன்று மூடிவிட வேண்டும் என்றும் சொன்னார்.

"அது பாட்டுக்கு இருக்கட்டுமே, மேடம்" என்றேன்.

"கொல்லைக் கதவத் திறந்துபோட்டுட்டு வாசக் கதவுக்குப் பூட்டு டெஸ்ட் பண்றதா, சார்?"

அவர் சொன்னது சரி. சரியாக இருந்ததுதான் என்னை உறுத்தியது. நிலையப் பொறுப்பாளன் நான்தான், கையெழுத்துப் போட்டேன். மனசு கேட்காமல் எங்கள் லைன் ஃபோர்மேனைக் கடப்பாக்கம் பக்கம் போய் இருக்கச் சொன்னேன்.

சாப்பாட்டு நேரத்துக்கெல்லாம் காற்று ஏறிவிட்டது. திரை சிவந்தது. எதிர்பார்த்ததுதான். ஆனாலும் நான் ஆபரேட்டரின் நாற்காலிக்குப் பின்னால் நடந்துகொண்டே இருந்தேன். ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர் அவர்.

"பாத்தீங்களா, அண்ணே?"

"பாத்துகினேதான் கீறேன், சார். உசுரோடதான் கீது."

எதிர்முனை உயிரோடு இருக்கிறதா என்று விசாரிக்க ஒரு பொத்தான் உண்டு. தொலைபேசிக் கம்பியை நம்பியிருந்த காலத்திலிருந்தே, காற்று ஏறினால் அதை அடிக்கடி அழுத்திப் பார்ப்பது எங்கள் கட்டுப்பாட்டு அறையின் வழக்கம். புதிதாக வருகிறவருக்கு முதல் நாளே அதைத்தான் சொல்லிக்கொடுப்போம்.

ஃபோர்மேனிடமிருந்து அழைப்பு வந்தது.

"சார், கம்பி அறுந்து மண்ல வுழுந்து கீது. பாதி வூட்ல லைட்டு எரிஞ்சிகினு கீது, சார். கருவாடு காயப்போட்ட எடம். காத்துல பறக்குதுன்னு பொம்பளைங்க அள்ளிகினு கீறாங்க. கத்துறேன், காதுலயே வாங்க மாட்றாங்க!"

காய்ந்த மணல் மின்சாரத்தை நன்றாகக் கடத்தாது. அதனால் கம்பி விழுந்தது பாதுகாப்புக் கருவிக்குத் தெரியாது, லைன் தானாக அணையாது. நாங்கள்தான் துண்டிக்க வேண்டும்.

ஆபரேட்டர் துண்டிப்புப் பொத்தானை அழுத்தினார். 'சாவி இல்லை' என்றது திரை. மறுபடி அழுத்தினார். மறுபடியும் அதே.

"எப்படித் தீரும்? யாரு இத்தனை கட்டளை அனுப்பினது?" என்றார் பொறியாளர்.

"நான் இன்னா அனுப்பினேன், மேடம்? சும்மா பாத்துகினு இருந்தேன்."

பொறியாளர் திரையில் பதிவேட்டைத் திறந்து பார்த்தார். "விசாரிக்கிறதும் கட்டளைதான், அண்ணே. ஒவ்வொண்ணுக்கும் ஒரு சாவி போயிருக்கு."

எங்களில் யாருக்கும் அது தோன்றவில்லை. பெட்டி செய்தவர்களுக்கும் எங்கள் பழக்கம் தெரிந்திருக்க வழியில்லை.

பழைய வழியைத் திறக்கவோ, ஃபோர்மேன் அந்த நிலையத்துக்கு ஓடிப்போய்த் துண்டிக்கவோ நேரமில்லை. இருந்தது ஒன்றுதான்: அந்த நிலையத்துக்கே மின்சாரம் கொண்டுபோகும் லைனை எங்கள் பக்கத்திலேயே கையால் துண்டிப்பது. அதற்குச் சாவி வேண்டாம். ஆனால் கரையோரம் முழுதும் இருண்டுவிடும்.

"மொத்தமா அடிங்க, அண்ணே."

"அங்க ஆஸ்பத்திரி கீதே, சார்..."

"அடிங்க!"

அவர் கைப்பிடியைத் திருப்பினார். வெளியே பிரேக்கர் அறைந்துகொள்ளும் ஓசை கேட்டது. போன் என் காதிலேயே இருந்தது. காற்று, கூச்சல், ஃபோர்மேனின் மூச்சு.

"லைட்டு போச்சு, சார்."

"எர்த் போடற வரைக்கும் யாரும் கிட்ட போகக் கூடாது. எல்லாரும் நல்லா இருக்காங்களா?"

"ஒரு அக்கா அன்னக்கூடையோட கம்பியத் தாண்டிடுச்சு, சார். நல்லாதான் கீது. லைட்டு போறதுக்கு முன்னாடி தாண்டுச்சா, அப்பால தாண்டுச்சான்னுதான் தெரில."

ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர் உடனே ஓடத் தொடங்கிவிட்டது என்று பிறகு தெரிந்தது. அந்த அக்காவைப் பற்றி மட்டும் ஃபோர்மேனிடம் எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். "உசுரோடதான கீது, உடுங்க சார்" என்றுதான் ஒவ்வொரு தடவையும் சொல்கிறார்.

இப்போது துண்டிப்பதற்கென்று கொஞ்சம் சாவிகள் தனியே ஒதுக்கப்பட்டிருக்கின்றன. வேறெந்தக் கட்டளையும் அவற்றைத் தொட முடியாது. அந்த விதியை நானும் பொறியாளரும் சேர்ந்து எழுதினோம். அது நடைமுறைக்கு வரும்வரை பழைய வழியைத் திறந்தே வைத்திருந்தோம். பிறகு மறுபடி ஒரு காற்று நாளில் அதை மூடினோம்.

அன்றும் திரை சிவந்தது. ஆபரேட்டர் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெளியே கேபிள் ஆடிக்கொண்டிருந்தது. 'பாத்தீங்களா?' என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிவிட்டு, போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.