கிளியனூரில் ஓடி முடிந்த டெஸ்ட்

திண்டிவனத்தில் ஞானமேரியிடம் கம்ப்யூட்டரைக் கொண்டுபோய்க் கொடுப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டுதான் கொடுப்பார்கள். அவள் உடனே பதில் சொல்ல மாட்டாள். டிஸ்க் நன்றாக இருக்கிறதா, போய்விட்டதா என்று கேட்டால் டெஸ்ட் முழுசாக ஓடட்டும் என்பாள். ஓடி முடிகிறவரை அவள் வாயிலிருந்து வேறு ஒரு சொல் வராது.

ஆரம்பத்தில் அவள் அப்படி இல்லை. 1993இல், பத்தொன்பது வயதில், மேம்பாலத்துப் பக்கம் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் பழகச் சேர்ந்து, ஹையர் பாஸ் செய்து, அங்கேயே சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தவள். சில வருஷம் கழித்து முதலாளி நான்கு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டார். அவை மக்கர் செய்தால் பாண்டிச்சேரியிலிருந்து ஒரு மெக்கானிக் வர வேண்டும். அவர் வருகிறேன் என்று சொன்ன நாளில் வர மாட்டார். லீவு நாளாகப் பார்த்து வந்து, பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார். மூன்று முறை பொறுத்துப் பார்த்துவிட்டு ஞானமேரியே ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். இன்ஸ்டிடியூட்டை மூடியபோது அதோடு வெளியே வந்து, ஒற்றை ஷட்டர் கடை ஒன்று போட்டுக்கொண்டாள்.

2003இல் பிரான்சிஸ் வாத்தியார் தன் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தார். பள்ளிக்கூடத்துக் கேள்வித்தாள்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. ஞானமேரி பத்து நிமிஷ டெஸ்ட் ஒன்றை ஓட்டிப் பார்த்து, பயப்பட வேண்டாம், டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது என்று அனுப்பிவைத்தாள். அடுத்த வாரமே டிஸ்க் செத்துப்போனது. வாத்தியார் அவளைத் திட்டவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஒருவருக்கொருவர் கும்பிட்டு 'சமாதானம்' சொல்லிக்கொள்ளும் நேரம் வந்ததும், அவர் இரண்டு பெஞ்சு தாண்டி வந்து அவளைப் பார்த்துக் கைகூப்பி, "ஹார்ட் டிஸ்க்" என்றார். அடுத்த ஞாயிறும் அப்படியே. இரண்டு வருஷம், ஈஸ்டர் கிறிஸ்துமஸ் உட்பட, ஒரு பூசை விடாமல் சொன்னார். அதற்குப் பிறகுதான் ஞானமேரி முழு டெஸ்ட்டுக்கு மாறினாள்.

2012 ஐப்பசியில் தாண்டவராயன் ஒரு பழைய லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். சாவு வீட்டுக்கு ஐஸ் பெட்டி, பந்தல், ஜெனரேட்டர் எல்லாம் வாடகைக்கு விடுகிறவர். லேப்டாப் செங்கல் கனம் கனத்தது. பேட்டரி எப்போதோ போய்விட்டது. உள்ளே ஒன்றுக்கு இரண்டாக டிஸ்க். கூட வந்தது ஒன்று. சிடி போடுகிற இடத்தில் யாரோ சொருகிக் கொடுத்தது இன்னொன்று. முதல் டிஸ்க்கில் அவர் மகள் கல்யாண வீடியோ இருந்தது. உள்ளே கடகடவென்று சத்தம் வருகிறது, டிஸ்க் இருக்குமா போகுமா என்று தெரிய வேண்டும் என்றார்.

ஞானமேரி முதல் நாளே கல்யாணத்தை முழுசாக வேறு இடத்தில் காப்பி எடுத்துக் கொடுத்துவிட்டாள். தாண்டவராயனைப் பொறுத்தவரை விஷயம் அத்தோடு முடிந்தது. டெஸ்ட்டை விட்டுவிடும்மா என்று அவரே சொன்னார். ஞானமேரி கேட்கவில்லை. இருக்குமா போகுமா என்று கேட்டது அவர்தானே, கேட்டதற்குப் பதில் வேண்டாமா என்றாள்.

அந்த லேப்டாப்பில் டெஸ்ட் ஆமை மாதிரி நகர்ந்தது. முடிய எட்டு மணி நேரம் காட்டியது. அந்த வருஷமோ கரண்ட் இரண்டு மணி நேரம் இருந்தால் ஒரு மணி நேரம் இருக்காது. கடையிலிருந்த இன்வெர்ட்டர் நாற்பது நிமிஷம் தாங்கும். நடுவில் அணைந்தால் டெஸ்ட் மறுபடியும் பூஜ்யத்திலிருந்துதான் ஆரம்பிக்கும். முதல் நாள் இருபத்தொன்பது சதவீதத்தில் போனது. மறுநாள் முப்பத்தொன்று. அதற்கடுத்த நாள் எதிர்க்கடையில் யாரோ மிக்ஸி போட்டு, பதினாறிலேயே ஃபியூஸ் போனது.

விழுப்புரத்தில் ஸ்டேஷன் பக்கம் குடியிருந்த தங்கை கிளாரா, தங்கள் தெருவில் கரண்டே போகாது என்று போனில் சொன்னாள். ஞானமேரி கடையைப் பூட்டிவிட்டு, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிப் போனாள். ஒரு வருஷமாகப் போகாத கரண்ட் அன்றைக்கு மத்தியானம், நாற்பத்து நான்கு சதவீதத்தில் போனது. தெருவே வாசலுக்கு வந்து, புதுசாக யார் வந்திருக்கிறார்கள் என்று கிளாராவைக் கேட்டது.

இப்படிப் பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள் காலையில் அந்தப் பக்கம் வந்த தாண்டவராயனைக் கடைக்குள் கூப்பிட்டு, அண்ணன் ஜெனரேட்டர் ஒரு பகல் முழுக்க நிற்காமல் ஓடுமா என்று கேட்டாள். ஓடும், ஆனால் அது இப்போது கிளியனூரில் ஒரு சாவு வீட்டில் பெட்டியோடு ஓடிக்கொண்டிருக்கிறது என்றார். சாயந்திரம் நான்கு மணிக்குத்தான் எடுப்பார்கள்.

"அதுல பிளக் பாயின்ட் எத்தினி இருக்குதுண்ணே?"

தாண்டவராயன் விரலை மடக்கினார். "ரெண்டு. ஒண்ணு பெட்டிக்கு."

எட்டரை மணிக்கு ஞானமேரி கிளியனூரில் இருந்தாள். செத்துப்போனவர் பெயர் துரைக்கண்ணு. பந்தலுக்குள் கண்ணாடிப் பெட்டியில் மாலையோடு படுத்திருந்தார். பெட்டியின் கால்மாட்டில் ஒரு ஸ்டூல் போட்டு, லேப்டாப்பை வைத்து, இரண்டாவது பாயின்டில் சொருகி டெஸ்ட்டை ஆரம்பித்தாள். சாவு வீட்டில் சும்மா உட்கார்ந்தால் நன்றாக இராது என்று தலையில் முக்காடு போட்டுக்கொண்டு பெண்களோடு உட்கார்ந்தாள். அவர்கள் அழுதபோது அவளுக்கும் அழுகை வந்தது. பதினோரு நாள் அலுப்பும் அதில் சேர்ந்திருந்தது.

திரையில் சின்னச் சின்னக் கட்டங்கள் ஒவ்வொன்றாகப் பச்சையாக மாறிக்கொண்டே போயின. மாலை போட வந்தவர்கள் பெட்டியைப் பார்த்தார்கள், அதன் ஒயரைப் பார்த்தார்கள், பக்கத்திலேயே இன்னொரு ஒயரில் இருந்த கம்ப்யூட்டரைப் பார்த்தார்கள். இது பெட்டியின் குளிரைப் பார்த்துக்கொள்கிற மிஷின் என்று ஒரு பேச்சு கிளம்பியது. பத்து மணிக்குள் அது சென்னையிலிருந்து வந்த புது ஏற்பாடு என்று ஆகிவிட்டது. ஞானமேரி உள்ளதைச் சொன்னாள், இரண்டு பேரிடம். அந்த இரண்டு பேர் அதை வேறு யாரிடமும் சொல்லவில்லை. கும்பிட்டுவிட்டுத் திரும்புகிறவர்கள் அவள் பக்கம் குனிந்து, எத்தனை ஆயிருக்கிறது என்று துக்கமான குரலில் கேட்டார்கள். இருபத்தேழு என்றால் தலையை ஆட்டிக்கொண்டு போனார்கள். ஒரு பெரியவர் இருபத்தேழு பரவாயில்லை, தன் மச்சானுக்கு இதெல்லாம் கிடையாது என்றார்.

பதினொன்றரைக்கு லேப்டாப் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாகிவிட்டது. கடகட சத்தமும் கூடியது. டெஸ்ட் அதே இருபத்தேழில் நின்றது மாதிரி இருந்தது. ஞானமேரி முந்தானையால் விசிறிக்கொண்டிருப்பதைத் துரைக்கண்ணுவின் மனைவி தையல்நாயகி பார்த்தாள். காலையிலிருந்து ஒரு வாய் காப்பிகூடக் குடிக்காமல் சுவரில் சாய்ந்திருந்தவள். விஷயம் என்ன என்று கேட்டாள். ஞானமேரி ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள்: பதினோரு நாள், விழுப்புரம், மிக்ஸி. தையல்நாயகி கேட்டு முடித்துவிட்டு, ஒரு பித்தளைத் தாம்பாளத்தைக் கொண்டுவரச் சொல்லி, அதைப் பெட்டியின் கால்பக்கத்து மூடி மேல் வைத்தாள். லேப்டாப்பை அதில் வைக்கச் சொன்னாள். ஞானமேரி தயங்கினாள்.

"வைம்மா. அவருக்கு எப்பவுமே காலு ஓரமா எதுனா இருந்துக்கினே இருக்கும்."

குளிர் ஏறியதும் டெஸ்ட் ஓட ஆரம்பித்தது. அதுவரை நகர்ந்தது இப்போது நடந்தது.

ஆனாலும் நான்கு மணிக்குத் தொண்ணூற்றொன்றுதான். பறையடிப்பவர்கள் வந்துவிட்டார்கள், பாடை தயார். பெட்டியை அணைத்துவிட்டு எடுக்கலாம் என்று துரைக்கண்ணுவின் தம்பி சொன்னார். தாண்டவராயனும் பெட்டியை ஏற்றிப்போக வேனோடு வந்து நின்றார். ஞானமேரி எழுந்து ஒயரைப் பிடுங்கப் போனாள். மூடி மேல் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு சாவு வீட்டாரிடம் டைம் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. அப்போது பந்தலுக்குள் இருந்தே ஒரு குரல், முழுசாக ஆகாமல் எடுப்பது நல்லதில்லை என்றது. இன்னொருவர், இருட்டுவதற்குள் அடக்கம் பண்ண வேண்டாமா என்றார். அதைப் பாதியில் நிறுத்தினால் வீட்டுக்கு ஆகாது என்று தொண்ணூற்றொன்று பக்கம் நாலைந்து பேர் சேர்ந்தார்கள். தம்பி பேஜாராகி, இது என்ன கணக்கு என்று ஞானமேரியைக் கேட்டார். அவள் பதில் சொல்வதற்குள் தையல்நாயகி எழுந்து வந்தாள்.

"உங்கண்ணன் கெணறு தோண்டினாரு, பாதி. மாடி எடுத்தாரு, பாதி. மல்லாட்டை போட்டா களை பாதியில நிக்கும். நாப்பது வருசத்துல அவரு முன்னால ஒரு வேலை முடிஞ்சி நான் பாத்ததில்ல. இத்த ஒண்ணாவது முடிச்சிட்டுப் போவட்டும்."

தம்பி துண்டை உதறிவிட்டு உட்கார்ந்தார். பறையடிப்பவர்கள் டீ குடிக்கப் போனார்கள். பெண்கள் எழுந்து லேப்டாப்பைச் சுற்றி நின்றார்கள். தொண்ணூற்றைந்திலிருந்து யாரோ வாய்விட்டு எண்ண ஆரம்பித்து, தொண்ணூற்றெட்டில் பந்தல் முழுக்க எண்ணிக்கொண்டிருந்தது. நான்கு நாற்பதுக்கு நூறு வந்தது. ஒரு கட்டம்கூடச் சிவப்பு இல்லை. டிஸ்க் கல்லு மாதிரி இருந்தது. பாஸ் என்று ஞானமேரி சொன்னதும் ஓர் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். தையல்நாயகி அப்போதுதான் முதல்முதலாக உரக்க அழுதாள். ஞானமேரி அவளைக் கட்டிக்கொண்டாள். திரையின் அடியில், இரண்டாவது டிஸ்க்கை ஆரம்பிக்கலாமா என்று ஒரு வரி கேட்டுக்கொண்டிருந்தது. ஞானமேரி கையை நீட்டி லேப்டாப்பைச் சாத்தினாள். அதை யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் கடையில் லேப்டாப்பைத் திருப்பிப் போட்டு ஸ்க்ரூவைக் கழற்றினாள். டிஸ்க் காரணம் இல்லையென்றால் கடகட சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டுமே. விசிறியில் ஒரு வேர்க்கடலை, மல்லாட்டைப் பருப்பு ஒன்று, மாட்டிக்கொண்டிருந்தது. அதனால்தான் காற்று போகவில்லை, அதனால்தான் சூடு, சூட்டினால்தான் ஆமை நடை. எடுத்துப் போட்டுவிட்டு டெஸ்ட்டை மறுபடி ஓட்டினாள். ஒரு மணி பத்து நிமிஷத்தில் முடிந்தது. கரண்ட்டே போகவில்லை.

பருப்பை ஒரு காகிதத்தில் மடித்து, லேப்டாப்போடு தாண்டவராயனிடம் கொடுத்து நடந்ததைச் சொன்னாள். அவர் காகிதத்தைப் பிரித்துப் பார்த்தார். வறுத்ததா பச்சையா என்று கேட்டார். வறுத்தது என்றாள். அப்படியானால் மருமகன் வேலைதான் என்று சொல்லிக் கிளம்பியவர், வாசலில் நின்றார். கோட்டக்குப்பம் ரோட்டில் ஒரு வீட்டிலிருந்து பெட்டி கேட்டு வந்திருக்கிறார்கள், கிளியனூரில் வைத்தது போலக் கம்ப்யூட்டரோடு வேண்டுமாம் என்றார். இல்லை என்று சொன்னால் வேறு ஆளிடம் போய்விடுவார்கள்.

ஞானமேரி தலையைத் தூக்காமல் அடுத்த மிஷினின் ஸ்க்ரூவைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்.

"ரெண்டாவது டிஸ்க்கு பாக்கியிருக்குதுண்ணே. எத்தினி மணிக்கு எடுக்கறாங்கன்னு கேளுங்க."